பன்னிரண்டு வயலின்காரர்

நாடக அரங்கில் எல்லாரும் அவரை டஜன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். திரைக்குப் பின்னால் அவர் வாசித்தது ஒரு பழைய ஸ்ட்ரிங் கீபோர்டு. பெயரில்தான் ஸ்ட்ரிங், உள்ளே மருந்துக்குக்கூட ஒரு தந்தி கிடையாது. ஆனால் விரலை வைத்தால் பன்னிரண்டு வயலின் ஒன்றாக அழும். சூடேற அரை மணி நேரமாகும். அதற்குள் தொட்டால் பன்னிரண்டு பேருக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி இழுக்கும். அதனால் வீட்டிலிருந்த ஒரே கம்பளியைக் கொண்டுபோய் அதற்குப் போர்த்திவிட்டார். குளிரில் நடுங்கிய மனைவி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

அரங்கின் எழுத்தர் திரையை விலக்கிப் பார்க்கச் சோம்பல்பட்டு, காதில் விழுந்ததை வைத்தே பதிவேட்டில் 'வயலின் பிரிவு: பன்னிரண்டு பேர்' என்று எழுதிவிட்டார். முதலில் இவர் பெயர், கீழே பதினொரு 'மேற்படி'. அன்றிலிருந்து பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு டீ. ஒரு வாரம் மறுத்துப் பார்த்த அண்ணன், டீ ஆறுகிறதே என்று விட்டுவிட்டார்.

இருபத்தாறு வருடம் கழித்து ஓய்வு பெற்றபோது, கீபோர்டைத் தனக்குக் கொடுக்கும்படி மேலாளரிடம் கேட்டார்.

"பிரிவுல ஆள் இருக்கிற வரைக்கும் அது வெளிய போகாதுங்க. மத்த பதினொரு பேர் இருக்காங்கல்ல?"

"சார், அப்படி யாருமே இல்ல. எல்லாம் நான்தான்."

"இத்தனை வருஷம் கூட உக்காந்தவங்களை, போற அன்னைக்கு இப்படியா பேசுறது?" மேலாளருக்கு மனசு விட்டுப்போயிற்று.

வெறுங்கையோடு வீடு வந்தவர் சாப்பாட்டு மேசையில் விரல்களால் வாசித்துக்கொண்டே இருந்தார். தட்டை வைக்க இடமில்லை. மூன்று நாள் பொறுத்த மனைவி நான்காம் நாள் பதினொரு ராஜினாமாக் கடிதம் எழுதினாள். இடது கையால் சில, சாய்த்துச் சில. ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு மாமியார் தொல்லை, இருவருக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. பதினோராவதை மட்டும் தன் சொந்தக் கையெழுத்திலேயே எழுதினாள்: 'அவர் இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை?'

மேலாளர் எல்லாவற்றையும் படித்துக் கையொப்பமிட்டார். "கடைசி ஆளை மட்டுமாவது நிறுத்தி வெச்சிருக்கலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீபோர்டு கம்பளியோடு வீட்டுக்கு வந்தது. அதன்மேல் கம்பளியைச் சரியாக இழுத்துவிட்டு, "அரை மணி நேரம் ஆகும்ல?" என்றாள் மனைவி.

அண்ணன் கம்பளியை உருவி அவளுக்குப் போர்த்திவிட்டு, உடனே வாசிக்க உட்கார்ந்தார். பன்னிரண்டு பேரும் ஜலதோஷத்தோடு அழுதார்கள்.