ஒன்றரை இஞ்ச்

அந்தத் தையல்காரி கண்ணாலேயே அளவெடுப்பாள். பறக்கிற கொசுவுக்குக்கூடக் கை எத்தனை இஞ்ச் வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். நான் கூட்டிச் சொல்லியிருந்தாலும் கொஞ்சம்தான். அப்படிப்பட்டவள் ஏழாம் மாதத்தில் தன் காலை அளந்துவிட்டு டேப்பைத் திட்டினாள். வலது கெண்டைக்கால் பதினான்கு. இடது பதினைந்தரை.

"ரப்பராப் போச்சு சனியன்" என்று வேறு டேப்பை எடுத்தாள். அதிலும் பதினைந்தரைதான்.

மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்காம கொம்பா முளைக்கும்? நீட்டு, உருவி விடறேன்."

"ரெண்டும் வீங்கினா சரி அத்தை. இது ஒண்ணு மட்டும் எதுக்கு? சுடுது வேற."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. உள்ளே ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கிறது. அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. காலை உருவவே கூடாது. தினமும் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் வயிற்றில் ஊசி, பிரசவம் வரை, அதற்குப் பிறகும் ஆறு வாரம். ஒரு வேளைகூட விடக் கூடாது.

மூன்று நாள் நர்ஸ் போட்டாள். நாலாம் நாள் வீடு. லாரி ஓட்டுகிற புருஷன், ஊசி மூடியைக் கழற்றியதுமே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

"அவ்வளவு பெரிய லாரியை ஓட்டறீங்களே!"

"லாரிக்கு வயித்துல புள்ள இல்லையேடி."

மணி ஆறு தாண்டியது. விரலில் ஊசி குத்தினால் உறிஞ்சிவிட்டு அடுத்த தையலுக்குப் போகிறவள், இந்த ஊசியை வயிற்றருகே கொண்டுபோவதும் திருப்பி எடுப்பதுமாக இருந்தாள். தோலுக்கு அந்தப் பக்கம் பிள்ளை உதைத்தது. போடாவிட்டால் கட்டி; போட்டால் பிள்ளைமேல் குத்திவிடுமோ? அவ்வளவு ஆழம் போகாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னது காதில் இருந்தது, கைக்கு வந்து சேரவில்லை.

ஆறரை. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்க அத்தை. ஜாக்கெட்டுக்கு மடிப்புப் பிடிக்கிற மாதிரி இந்தச் சதையைப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விட்றாதீங்க."

காலை உருவ வந்த கை மடிப்பைப் பிடித்தது. தையல்காரி கண்ணை மூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவள் எதையும் தைத்ததில்லை. ஊசி இறங்கியது. வெளியே எடுக்கும்வரை மாமியார் மடிப்பை விடவில்லை.

பிறகு காலை அளந்தாள். பதினைந்தரை.

"வேற டேப்பு இருக்காம்மா?" என்றாள் மாமியார், கெஞ்சுகிற குரலில்.

"பொட்டி நிறைய இருக்கு அத்தை. எல்லாத்தையும் பார்த்துட்டேன்."