அடுப்பை அணைத்தவருக்கு ஒரு கரண்டி

சரிதாவுக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. வீட்டைப் பூட்டும் பழக்கம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வளர்ந்த இடம் அப்படி.

சங்ககிரியில் லாரி டிரைவர்கள் குடியிருந்த லைன் வீடு அது. எதிரும் புதிருமாகப் பதினோரு வீடு, நடுவில் ஒரே குழாய். ஆண்கள் வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர ஒரு மாதமாகும். அதனால் பெண்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். எந்த வீட்டுக் குழம்பு தீய்ந்தாலும், வாசம் யார் மூக்குக்கு முதலில் எட்டுகிறதோ அவர் போய் அடுப்பை அணைக்க வேண்டும். அணைத்தவருக்கு ஒரு கரண்டி குழம்பு சொந்தம். உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, உப்புக் குறைந்தால் போட்டுவிட்டும் வரலாம். பக்கத்து வீட்டுப் பழனியம்மாளின் கருவாட்டுக் குழம்பு அடிபிடிக்க வேண்டும் என்று சரிதா சாமி கும்பிட்ட நாளெல்லாம் உண்டு.

"வந்துட்டியா, மோப்பம் புடிச்சுக்கிட்டு!" என்று திட்டிக்கொண்டே பழனியம்மாள் சோறும் போடுவாள். சரிதா எந்த வீட்டில் தின்றாள், எந்த வீட்டில் தூங்கினாள் என்று அவள் அம்மா தேடியதே கிடையாது.

போன வருடம் கணவன் அன்பரசு கொண்டப்பநாயக்கன்பட்டியில் சொந்த வீடு கட்டினான். வீடு நல்ல வீடுதான். தெருவில்தான் ஆள் சத்தமே இல்லை. குடிவந்த மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டிலிருந்து தீய்ந்த வாசம் வந்தது. பின்கதவு திறந்திருந்தது. சரிதா யோசிக்கவேயில்லை, நேராகப் போய் அடுப்பை அணைத்தாள். மாடியில் ஆபீஸ் போனில் இருந்த கிருத்திகா இறங்கி வந்தாள். ராசிபுரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த சின்னப் பெண். தன் அடுப்படியில் யாரோ ஒருத்தி உள்ளங்கையை நக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டு அலறிவிட்டாள்.

"ஏனுங்க, யாருங்க நீங்க? கேக்காம உள்ள வரலாமுங்களா?"

"குழம்பு தீயுது கண்ணு. எங்க லைன்ல அடுப்ப அணைச்சவங்கதான் உப்புப் பாப்போம். கம்மியா இருந்துச்சு, போட்டுட்டேன்."

சொல்லும்போதே அது எவ்வளவு கோமாளித்தனம் என்று அவளுக்கே உறைத்தது. அன்று சாயங்காலமே அந்தப் பின்கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அன்பரசு வேறு தன் பங்குக்கு, "இதென்ன உங்க லைன் ஊடா? மானம் போகுது" என்றான்.

இனி எவள் வீடு பற்றி எரிந்தாலும் எட்டிப் பார்ப்பதில்லை என்று சரிதா வைராக்கியமாக இருந்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக் குக்கர் பன்னிரண்டு விசில் அடித்தது. இவள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சாகும்வரை இந்தத் தெருவில் ஊமையாகத்தான் காலம் தள்ள வேண்டுமோ என்று பயமாக இருந்தது.

சென்ற வாரம் தட்டைப்பயறுக் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துப் பழனியம்மாள் போன் செய்தாள்.

"ஏஞ்சாமி, அக்கம்பக்கம் பழகீட்டியா?"

அவ்வளவுதான். சரிதா கொட்டித் தீர்த்துவிட்டாள். "இங்க மனுசங்களே இல்ல பெரீம்மா. பூட்டுத்தான் இருக்குது!"

பேசி முடித்துப் படியிறங்கும்போதுதான் அடுப்பு ஞாபகம் வந்தது. ஐயையோ என்று ஓடினாள்.

அடுப்பு அணைந்திருந்தது. திறந்து கிடந்த பின்கதவு வழியாக வந்த கிருத்திகா, கரண்டியும் கையுமாக நின்றாள். உள்ளங்கையில் குழம்பு.

"அடிபிடிக்கப் பாத்துச்சுங்க்கா. உப்புப் பத்தலைன்னு ரெண்டு கல்லு போட்டுட்டேனுங்க" என்றாள். சொல்லிவிட்டு, திட்டு விழுமோ என்று சரிதாவின் முகத்தையே பார்த்தாள்.

சரிதா கரண்டியை வாங்கினாள். ஒரு சொட்டு எடுத்து வாயில் வைத்தாள். உப்பு ஒரேயடியாகக் கரித்தது.

"இப்பத்தான் சரியா இருக்குது கண்ணு" என்று சொல்லி, சோற்றுக்கு இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.