டோரீன் டீச்சர் வீட்டு ஓநாய்

வடக்கே தேஹு ரோடு என்ற ஊரில் எல்.கே.ஜி. எடுக்கும் டோரீன் டீச்சருக்குக் கடி வாங்குவது புதிதில்லை. வகுப்பில் பிள்ளைகள் கடிப்பார்கள். வீட்டுக்காரர் மோசஸ் மட்டும் இருபத்துநான்கு வருஷத்தில் ஒருமுறைகூட அவளைக் கடித்ததில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயாகிற மனிதருக்கு இதைவிட என்ன நற்சான்று வேண்டும்?

கல்யாணமான புதிதில், மலைப்பக்கம் நடக்கப்போனவரை ஏதோ கடித்துவிட்டது. அன்றிலிருந்து இப்படி. மற்ற நாட்களில் அவர் ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. சட்டையில் ஏறிய எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார். பௌர்ணமி சாயங்காலம் சட்டையை மடித்துவைத்துவிட்டுப் பின்னறைக்குள் போவார். டோரீன் வெளியே தாழ் போடுவாள். உள்ளே எலும்புகள் நீளும் சத்தம் கேட்கும், பிறகு மூச்சு. அவள் கதவில் முதுகைச் சாய்த்து நோட்டுத் திருத்துவாள். தெருவில் கேட்டால், "நாய் வளக்கோம்" என்பாள்.

நாள் சொல்வது பக்கத்து வீட்டு ராஜி. ஊரிலிருந்து வரும் அவளுடைய தினக் காலண்டரில் பௌர்ணமி போட்டிருக்கும். கிறிஸ்தவ வேதக்கார வீட்டுக்கு அது எதற்கென்று அவள் கேட்டதில்லை. இந்த வருஷம் புருஷனுக்கு மாற்றலாகி அவள் நாக்பூர் போய்விட்டாள். மகள் ஃபியோனாவின் நிச்சயத்துக்கு டோரீன் சர்ச் காலண்டரில் நாள் பார்த்தாள். அதில் வசனம் இருந்தது, தவக்காலம் இருந்தது. நிலா இல்லை.

இரண்டு நாளாக மோசஸ் காலைச் சொறிந்துகொண்டிருந்தார். "புது பேன்ட்டுல கஞ்சி கூடிப்போச்சு டோரி" என்றார். அவளும் நம்பினாள்.

மாப்பிள்ளை ஜோபினும் அவன் அம்மா மரியம்மாளும் தளேகாவிலிருந்து ஐந்து மணிக்கு வரவேண்டியவர்கள். லோக்கல் ரயில் லேட். ஆறே முக்காலுக்கு ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். "வாங்க வாங்க" என்று வாசலுக்கு ஓடிய டோரீன், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முழு நிலா மஞ்சளாக ஏறுவதைப் பார்த்தாள். யாரையும் தெரியாத விருந்தாளி மாதிரி வந்து நின்றது.

உள்ளே ஓடினால், மோசஸ் பின்னறைக் கதவைத் தானே சாத்திக்கொண்டிருந்தார். காது அதற்குள் கூர்மையாகியிருந்தது.

"மன்னிச்சிரு டோரி. பிள்ளைக்கு இந்த நிச்சயம் நின்னுறக் கூடாது."

தாழ் போட்டாள். பெண்ணின் தகப்பன் கை படாமல் தட்டு மாற்றுவது அவர்கள் சனத்தில் கிடையாது.

"அண்ணாச்சி எங்க?" என்றாள் மரியம்மாள்.

"அப்பாவுக்கு தபியத்... உடம்பு சரியில்ல ஆன்ட்டி" என்றாள் ஃபியோனா.

உள்ளேயிருந்து ஓர் ஊளை. தெரு நாய்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. ஜோபின் தம்ளரைக் கீழே வைத்தான்.

நாய் என்று சொல்ல டோரீன் வாயெடுத்தாள். கதவுக்குப் பின்னால் அவர் கேட்டுக்கொண்டுதானே இருப்பார்? சொல்ல வரவில்லை.

"மதினி, அது இவுகதான். பௌர்ணமிக்கு ஓநாயா மாறிருவாக. பிள்ளைக்கு அதெல்லாம் கிடையாது. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

மரியம்மாள் கதவையே பார்த்தாள்.

"குடிப்பாகளா?"

"ஐயோ, தொடமாட்டாக."

"கை நீட்டுவாகளா?"

"இதுவரைக்கும் இல்ல மதினி."

"மாசத்துல எத்தன நாளு?"

"ஒரு ராத்திரி."

"எங்க வீட்டுல அவுக இருந்தப்ப இருபது ராத்திரி. தாழ் போட்டு வைக்கவும் வழியில்ல." மரியம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி எழுந்தாள். "திறங்க. நாலு விரல் அளவுக்கு."

டோரீன் திறந்தாள். ஈர மண் வாசனையோடு சூடான மூச்சு வந்தது. பெண்வீட்டுத் தட்டை அவள் தரையில் வைத்ததும் நரைத்த பாதம் ஒன்று வெளியே வந்து, அதை மரியம்மாள் பக்கமாகத் தள்ளியது. வெற்றிலை ஒன்றுகூடச் சிந்தவில்லை. மரியம்மாள் குனிந்து தன் தட்டை வைத்தாள். பாதம் விளிம்பைப் பற்றி இழுக்கத் தொடங்கியது.

"மெதுவா அண்ணாச்சி" என்றாள். "தட்டுல பட்டுச்சேலை இருக்கு. நகத்தால கீறிறாதீங்க."