ஒன்பது மணிவரை அடிக்கக் கூடாத ரெலிபோன்

அண்ணையின் கல்யாணத்துக்காக அந்த ஜூன் மாதம் ஹொலண்டும் அமெரிக்காவும் எங்கள் மொன்றியல் வீட்டில் வந்து இறங்கின. ஹொலண்டிலிருந்து பெரியம்மாவும் அவர் மகளும். அவள் எனக்கு அக்கா. நியூ ஜெர்சியிலிருந்து மாமாவும் மகளும். அவள் எனக்கு மச்சாள். இரண்டு பேரும் அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் முடிக்கிறார்கள். மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

மச்சாள் கல்யாணத்துக்குக் கட்டவேண்டிய சேலையை மறந்துவிட்டு, பள்ளி முடித்த அன்று போட்ட அங்கியையும் குஞ்சம் வைத்த தொப்பியையும் கவனமாகக் கொண்டுவந்திருந்தாள். பல்கலைக்கழக இடம் எப்போதோ கிடைத்தாயிற்று. அவள் பள்ளியில் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். நாடகமும் ஒரு பாடம்.

அக்காவின் நாட்டில் பன்னிரண்டு வயதிலேயே பிரித்து வெவ்வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். இவளுக்குத் தொழில் படிக்கிற பள்ளி போதும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அவள் விடவில்லை. அதை முடித்து மேல் பள்ளிக்கு ஏறினாள். அதையும் முடித்து அதற்கும் மேலே ஏறி, இருபது வயதிலும் பள்ளிப் பை தூக்கினாள். கடைசிச் சோதனையில் தேறினால்தான் பல்கலைக்கழகம்.

“பத்துக்கு ஏழெல்லாம் ஒரு மார்க்கே, பிள்ளை?” என்றார் மாமா அக்காவிடம்.

“அங்க ஏழெண்டால் கேக் வெட்டுவினம், மாமா. மச்சாளின்ர நாலுக்கு நாலு தசம் ரெண்டுதான் எனக்கு விளங்கேல்லை.”

எனக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

அக்கா சோதனை எழுதிவிட்டுத்தான் வந்திருந்தாள். முடிவு வருகிற விதம்தான் பயங்கரம். தவறியவர்களுக்கு முதலில் பள்ளியிலிருந்து ரெலிபோன் வரும். மொன்றியல் நேரம் ஒன்பது மணிவரை அது அடிக்காவிட்டால் பாஸ். தேறியவர்களுக்குப் பிறகு அவசரமில்லாமல் ஆறுதலாக எடுத்து வாழ்த்துவார்களாம். அக்கா எங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தாள்.

முடிவு வரும் நாளன்று காலை பலகாரச் சட்டியை மறந்து எல்லாரும் ரெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடிக்கவேயில்லை. கல்யாண வீட்டுக்கு ஒரு அழைப்புக்கூட வராதது ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒன்பது அடித்ததும் வீடே துள்ளியது. மாமாகூட லட்டு ஊட்டினார். தேறிய வீட்டில் கொடி ஏற்றி அதில் பள்ளிப் பையைக் கொழுவித் தொங்கவிடுவது அவர்கள் வழக்கமாம். சிவப்பு, வெள்ளை, நீலக் கொடிக்கு எங்கே போவது? அம்மாவின் சிவப்புச் சேலை, அண்ணையின் மாப்பிள்ளை வேட்டி, நீலப் படுக்கை விரிப்பு, கம்பத்துக்கு வீடு கூட்டும் தும்புத்தடி. பல்கனியில் பை ஆடியது. மச்சாள் அங்கியோடு வெளிப்படிக்கட்டில் ஏறி இறங்கிக் கூத்தாடினாள். கீழ்வீட்டுக் கியூபெக் அம்மா, பையைக் காயப்போடுகிறீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். ஓம் என்றேன்.

அப்போதுதான் அம்மா, பக்கத்து ஊரான லவாலில் இருக்கும் கல்யாண மண்டபச் சமையல்காரரைக் கூப்பிட ரெலிபோனை எடுத்தார். சத்தமில்லை. வயர் சுவரிலிருந்து கழன்று கிடந்தது.

பெரியம்மா அழத் தொடங்கினார். “நான்தான் கழட்டினன். பன்னிரண்டு வயசில ஒருக்கா வாத்தியார் என்ர பிள்ளையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிண்டன். இன்னொருக்கா கேக்க என்னால ஏலாது.”

யாரும் திட்டவில்லை. லட்டு என் வாயில் கல்லாகிவிட்டது. அக்கா தானே போய்ப் பையைக் கழற்றி வந்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா வயரைச் செருகினார். செருகிய கையோடு அது அடித்தது.

தவறியதைச் சொல்லக் காலையிலிருந்து எங்களைத் தேடிய அழைப்பா, ஆறுதலாக வந்த வாழ்த்தா? அக்கா எடுத்தாள். டச்சில் இரண்டு சொல் பேசினாள். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளைத் தவிர அந்த மொழி தெரிந்த ஒரே ஆளான பெரியம்மா குசினிக்குள் ஓடி, அடுப்பருகே நின்று காதைப் பொத்திக்கொண்டார். நாங்கள் அக்காவின் முகத்தைப் பார்த்தோம். அதில் ஒன்றும் தெரியவில்லை.

ரெலிபோனை வைத்தாள். குசினிக்குப் போய், பெரியம்மாவின் கைகளைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பையை அந்தக் கைகளில் கொடுத்தாள்.

“அம்மா, இந்தமுறை நீங்கள் கொழுவுங்கோ.”