காதர் பாய்க்கு வராத ஒரு வசனம்

காதர் பாய் இன்று காலை போய்விட்டார்.

டீ குடித்துவிட்டு, கடைச் சாவியைக் கையில் எடுத்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அவ்வளவுதான்... எனக்கு போன் வந்தபோது சென்னையில் எடிட்டிங் டேபிளில் இருந்தேன். நேராக பஸ் பிடித்து காஞ்சிபுரம் வந்துவிட்டேன்.

எங்களுடைய நாற்பது நிமிடக் காமெடிப் படம் ‘லீவு போடாத அப்பா’ பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். அந்த அப்பா அவர்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்... பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர்.

முதல்முறை அவர் கடைக்குப் போனது புதுக் கண்ணாடி வாங்க. எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றேன். மெஷினில் டெஸ்ட் செய்தார். பிறகு என் பழைய கண்ணாடியை வாங்கி, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுத்தார்.

“பவர் ஒண்ணும் ஏறலம்மா. அழுக்குதான் ஏறியிருக்குது. போ.”

இப்படி வியாபாரம் செய்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை.

ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா வேஷத்துக்குப் பேசியிருந்தவர் வர முடியாது என்று கைவிரித்துவிட்டார். எனக்கு உடனே பாய் முகம்தான் ஞாபகம் வந்தது. கடைக்கே போய்க் கேட்டேன்.

“எனக்கு நடிக்கத் தெரியாதும்மா.”

“அப்பா வேஷம்தான் பாய்.”

“அப்படியா? அது பழக்கம் இருக்குது.”

படத்தின் கதை இதுதான்: வேலை போன ஒருவர், அதை மகளிடம் மறைத்து, தினமும் டிபன் பாக்ஸோடு ஆபீஸுக்குக் கிளம்புவது போல் கிளம்புவார். ஊரெல்லாம் பொய் சொல்லிச் சமாளிப்பார்.

முதல் நாள். பஸ் ஸ்டாப் சீன். பத்து வயசு மகளாக நடித்த பாப்பா, “அப்பா, ஆபீஸுக்குத்தானே போற?” என்று கேட்க வேண்டும். பாய், “ஆமாம்மா, மேனேஜர் வெயிட் பண்றாரு” என்று சொல்ல வேண்டும்.

பாப்பா கேட்டாள். பாய், “இல்லம்மா” என்றார்.

கட்! மறுபடி... மறுபடியும் “இல்லம்மா.” ஏழு டேக். கேமராமேன் தினேஷ் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் கத்திவிட்டேன்.

“என்னா பாய், ஒரே ஒரு வரி!”

“அந்தப் புள்ள கண்ணப் பாத்து கேக்குதும்மா. வாயில வர மாட்டேங்குது.”

எட்டாவது டேக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு “ஆமாம்மா” என்றார். உடனே ஒரு விக்கல். நிஜ விக்கல்! யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. அதையே வைத்துக்கொண்டோம். படம் முழுக்க அந்த அப்பா பொய் சொன்னால் விக்கல் வரும். நீங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் அதற்குத்தான்.

கடைசி நாள் பாய் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஏம்மா, அந்தாளு எப்போ புள்ளகிட்ட உண்மையச் சொல்லுவான்?”

“சொல்ல மாட்டாரு பாய். புது வேலை கிடைச்சிடும். படம் முடிஞ்சிடும்.”

“அப்போ ஆயுசுக்கும் அந்தப் பொய்யோடவே இருப்பானா? பாவம்மா.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் காலையில் உண்மையைச் சொல்கிற சீனை எழுதினேன். ஒரே டேக்கில் நடித்துக் கொடுத்தார்.

செவிலிமேட்டில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் படத்தைப் போட்டோம். பாயின் மகன் ரியாஸ் சென்னையிலிருந்து வந்திருந்தான். படம் முடிந்து ஆளாளுக்கு பாயோடு செல்ஃபி... கூட்டம் கலைந்ததும் ரியாஸ் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

“அத்தா... நான் ஐடி கம்பெனியில இல்லத்தா. வேலை போயி ஒரு வருஷம் ஆவுது. பைக்குல சாப்பாடு டெலிவரி பண்ணிக்கினு இருக்கேன்.”

நான் புரொஜெக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பாய், “ஏண்டா சொல்லல?” என்றார்.

“கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் எம்புள்ள ஐடில இருக்கான்னு சொல்லிக்கினு இருந்தீங்க. எப்படித்தா சொல்றது?”

பாய் யோசித்தார். “அப்போ ஒரு வருஷமா நான் ஊர் பூரா பொய் சொல்லியிருக்கேன்...”

என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு விக்கல்கூட வரலையேம்மா!”

முதலில் சிரித்தது ரியாஸ். பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள், எது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் பாய் மகனின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, “கண்ணு ஏண்டா இப்படி செவந்திருக்குது? வெறுங்கண்ணோட வண்டி ஓட்டுறியா?” என்று திட்டினார். மறுநாள் காலையில் கடையைத் திறந்து முதல் வேலையாக அவனுக்கு ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்.

அதோடு விட்டாரா? வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக போன்! நான் கடையில் இருந்தபோதே ஒன்று: “அக்கா, கண்ணாடி விஷயமா இல்ல. எம்புள்ள ஐடில இருக்கான்னு சொன்னேன்ல, அது தப்பு. டெலிவரி பண்றான். சொல்லிடலாம்னுதான் போட்டேன்.” அந்தப் பக்கம் அந்த அக்கா என்ன நினைத்தாரோ!

இன்று மாலை அடக்கம் முடிந்து, ரியாஸைக் கடை வாசலில் பார்த்தேன்.

“தினமும் போன் பண்ணுவாருக்கா. இன்னைக்கு எத்தினி வீட்டுக்குச் சோறு போய்ச் சேந்துதுன்னு கேப்பாரு. நேத்தும் கேட்டாரு. முப்பத்தொண்ணுன்னேன்.”

“அதுக்கு?”

“‘போதும்டா, நீ போய்ச் சாப்டு’ன்னாரு.”

மண் உங்களுக்கு மெத்தென்று இருக்கட்டும், காதர் பாய். சலாம்.