கறுப்புக் குதிரைக்கு வெள்ளைக் கட்டு

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது விடியற்காலை ஐந்தரை மணி. மதுரையிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்தேன். அறுபத்தேழு வயதில் இப்படி வருகிற ஆள் எங்கள் ஊரில் என்னைத் தவிர வேறு யாரும் கிடையாது. வீட்டில் கார் நிற்கிறது. இருந்தாலும் பேருந்துதான். நாலு பேரோடு பேசிக்கொண்டு போனால்தான் எனக்கு வியாபாரம் பிடிபடும்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி எனக்கு. ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்கிற ஊர். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒரே ஒரு வாடகைத் தறியில் ஆரம்பித்தேன். இன்றைக்கு முப்பது விசைத்தறி என் பேரில் ஓடுகிறது. சுளுக்குக்குச் சுற்றுவார்களே, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், அந்த கிரேப் பேண்டேஜை எங்கள் தெருவில் முதன்முதலில் நெய்தவன் நான்தான். மற்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துத்தான் செய்தார்கள்.

மரக்காணத்துக்கு ஏன் போனேன் என்றால், 2005 கடைசியிலிருந்து புதுச்சேரி மருந்துக்கடை ஒன்று மாதாமாதம் நாலங்குல வெள்ளைப் பேண்டேஜைப் பெட்டி பெட்டியாகக் கேட்க ஆரம்பித்தது. விசாரித்தால், மரக்காணத்தில் ஒரு குதிரைப் பண்ணைக்குப் போகிறதாம். அத்தனை குதிரைக்குமா சுளுக்கு என்று போன் போட்டுக் கேட்டேன். காயத்துக்கு இல்லை, பயிற்சி நேரத்தில் காலுக்குப் பாதுகாப்பு என்றார்கள். சேற்றில் நடக்கிற காலுக்கு வெள்ளைத் துணியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அழுக்குத் தெரியாத மண்பழுப்பில் சாயம் ஏற்றி, ஒரு டஜன் உருளையைப் பையில் போட்டுக்கொண்டு 2006 மாசியில் கிளம்பிவிட்டேன். இது பிடித்துவிட்டால் நாட்டில் உள்ள குதிரைக்கெல்லாம் நம் துணிதான் என்பது என் கணக்கு.

ஆறு மணிக்கு மரக்காணம் வண்டி. டிக்கெட் பதினோரு ரூபாய். நடத்துநர் சில்லறையைக் குலுக்கிக்கொண்டே வந்தார்.

"எங்க போவணும் பெருசு?"

"மரக்காணம். குதிரை பாக்க."

"அங்க உப்பு தாங்க இருக்குது. குதிரை வாங்கப் போறீங்களா?"

"குதிரைக்குக் கட்டுப் போடப் போறேன்."

"அட, டாக்டருங்களா?"

"டாக்டருக்கே துணி குடுக்கிறவன்" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னைப் பெருசு என்று கூப்பிடவில்லை.

பெருமுக்கல் மலை இடிந்த கோபுரம் மாதிரிப் பாறை பாறையாக நின்றது. அதைத் தாண்டியதும் வயல் குறைந்து பனை கூடியது. ஏழேகாலுக்கு மரக்காணம். இட்லி நான்கு, டீ ஒன்று, பத்து ரூபாய். சாம்பாரில் உப்பு குறைவு. உப்பு விளைகிற ஊரில் இப்படியா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "விக்கிறதுக்கே பத்தல பெரியவரே" என்றார்.

அங்கிருந்து ஆட்டோ, நாற்பது ரூபாய். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். தண்ணீர் நிற்கிற பாத்தி கண்ணாடி மாதிரி, காய்ந்த பாத்தி சுண்ணாம்பு அடித்த தரை மாதிரி. நீளக் கழியின் முனையில் பலகை பொருத்தி ஆண்கள் உப்பை இழுத்து ஒதுக்க, பெண்கள் கூடையில் அள்ளி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மணி வெயிலுக்கே கண்ணைத் திறக்க முடியவில்லை.

பண்ணை என்றால் கீற்றுக் கொட்டகையில் ஒன்பது குதிரை. எதிரே மூங்கில் கட்டிய நீள்சதுர மைதானம், கரும்பழுப்புக் களிமண். என்னை வரவேற்றது கவிதா. பக்கத்துக் குப்பத்துப் பெண், இருபத்து நாலு வயது இருக்கும். லாயம் கழுவ வேலைக்கு வந்தவள், ஆறு வருடத்தில் சவாரி கற்றுவிட்டாள். நானும் அப்படி வந்தவன்தான் என்பதால் எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. குதிரைகளைக் கவனிக்கிறவர் அற்புதம், நாற்பது வயதுக்காரர்.

இவர்கள் செய்வது பந்தயம் இல்லை. டிரெஸ்ஸாஜ் என்று பேர். சொன்ன இடத்தில் சொன்ன நடையில் குதிரை போக வேண்டும், நடுவர்கள் ஒவ்வோர் அடிக்கும் மார்க் போடுவார்கள். சென்னையில் அப்படி ஒரு போட்டி. மறுநாள் காலை லாரி வருகிறது. கவிதாவுக்கு இதுதான் முதல் போட்டி. ஆனால் அவள் ஓட்டுகிற கறுப்புப் பெண்குதிரைக்கு இரண்டு மாதம் முன்பு வலது பின்னங்காலில் நரம்பு இழுத்துக்கொண்டதாம். ஆறியதா இல்லையா என்று பார்க்கப் பண்ணை உரிமையாளர் லூசியம்மா பதினோரு மணிக்குப் புதுச்சேரியிலிருந்து வருகிறார். அவர் சரி என்றால் சென்னை. இல்லையென்றால் இல்லை. கவிதாவுக்கு வேறு குதிரை கிடையாது; மற்றவற்றின் சவாரிக்காரர்கள் இந்தப் போட்டிக்குப் போகவும் இல்லை.

பழுப்பு உருளைகளை எடுத்து வைத்தேன். அற்புதத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கிக்க கவிதா. உன் வெள்ளையத் தொவைச்சுத் தொவைச்சு என் கையில ரேகையே போயிடுச்சு. ஜோசியக்காரன் காட்டச் சொன்னா காட்ட ஒண்ணும் இல்ல."

"உன் ரேகையில அப்படி என்னா இருந்துச்சு, போறதுக்கு?" என்றாள் கவிதா.

"ஏந்தாயி, வெள்ளைதான் வேணும்ங்கிறது எதுக்கு?" என்று கேட்டேன்.

"அழகுக்கும் தாங்க ஐயா. வெளிநாட்டுல ஆரம்பிச்ச பழக்கம். சேணத்துக்கு அடியில போடற துணிகூட வெள்ளை தான். வெள்ளையா இருந்தா ஒழுங்கா வெச்சிருக்காங்கன்னு தெரியும். ஆனா காலுக்குக் கட்டறதுல வேற விஷயம் இருக்குது. காட்டறேன், நில்லுங்க."

பத்து மணி. குதிரையின் முழங்காலுக்குக் கீழே பஞ்சு வைத்து, அதன் மேல் என் பழுப்புத் துணியை நாலு காலிலும் சுற்றினாள். சுற்று ஒன்றன் மேல் ஒன்று ஒரே அளவாக ஏறியது. நம் துணியின் இழுவை அப்படி. ஏறி உட்கார்ந்து மைதானத்தை இரண்டு சுற்று நடத்தினாள், பிறகு துள்ளுநடை. மூங்கில் ஓரத்தில் நின்று பார்த்தேன். பழுப்பும் களிமண்ணும் ஒன்றாகிவிட்டன. குதிரை மிதந்து போவது மாதிரித்தான் இருந்தது.

"நல்லாத்தானே போகுது?"

"பாத்தியா, பெரியவரே சொல்லிட்டாரு" என்றார் அற்புதம். "லூசியம்மாவும் இதத்தான் சொல்லும்."

கவிதா இறங்கிப் பழுப்பை அவிழ்த்தாள். வெள்ளையைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறினாள். அதே மைதானம், அதே துள்ளுநடை.

இந்தத் தடவை எனக்குக் குதிரையே தெரியவில்லை. நாலு வெள்ளைக் கோடுதான் தெரிந்தது. மூன்று கோடு ஒரே அளவில் வீசிப் போய் விழ, வலது பின்பக்கக் கோடு மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே தரையில் இறங்கிவிட்டது. முப்பது தறி ஓடும்போது ஒன்றில் அடி தவறினால் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுகிறவன் நான். ஒரு சுற்றிலேயே பிடித்துவிட்டேன்.

"தெரிஞ்சுதுங்களா?" என்று மேலிருந்தே கேட்டாள்.

"வலது பின்னங்கால் எட்டு வைக்க மாட்டேங்குது."

"நாலு நாளாத் தெரியும். சரியாப் போயிடும்னு பாத்தேன்."

பத்தே முக்கால். உப்புப் பாத்திகளுக்கு நடுவே தூரத்தில் ஒரு கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. அற்புதம் பழுப்பு உருளைகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"எறங்கு. ஆளுக்கு ரெண்டு காலு, சட்டுனு மாத்திடலாம். ஆறு வருஷம் சாணி அள்ளினது இதுக்குத் தானே?"

என்னைப் பொறுத்தவரை அது என் சரக்குக்கும் நல்ல நேரம். முதலாளி கண்ணெதிரே பழுப்பு அரங்கேறிவிடும். நான் தடுக்கப் போகவில்லை.

கவிதா இறங்கிக் குனிந்தாள். அந்த வலது பின்னங்காலில் வெள்ளையைப் பாதி அவிழ்த்தாள். துணி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவிழ்த்ததை மறுபடி சுற்றி முனையை ஒட்டிவிட்டு, ஏறிக்கொண்டாள்.

லூசியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டே சுற்றுதான் பார்த்தார்.

"கவிதா, பின்னாடி வலது சின்னதா வெக்கிறா."

"ஆமாம்மா."

"லாரி வேணாம்னு சொல்லிடட்டா?"

"சொல்லிடுங்கம்மா."

அவ்வளவுதான் பேச்சு. லூசியம்மா என் பக்கம் திரும்பி, அற்புதம் கையில் இருந்த பழுப்பு என்ன என்று கேட்டார். சாயம் ஏற்றிப் பார்த்தேன், உங்களுக்கு ஒத்துவராது என்று நானே சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். நான் கொண்டுபோன சரக்கை நானே வேண்டாம் என்று சொன்னது வியாபாரத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கவிதா குதிரையைக் கழிவெளி என்கிற உப்புநீர் ஏரிக்கு நடத்திப் போனாள். உப்புத் தண்ணீரில் நிறுத்தினால் காலுக்கு நல்லதாம். முழங்கால் ஆழத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். நான் கரையில்.

"அந்தப் பழுப்பைக் கட்டியிருந்தா நாளைக்குச் சென்னைக்குப் போயிருப்பேல்ல தாயி?"

"போயிருப்பேன்."

"அப்புறம் என்ன?"

"போட்டியில காலுல ஒண்ணும் கட்டக் கூடாதுங்க ஐயா. வெறுங்காலோட தான் உள்ள விடுவாங்க. கட்டறது எல்லாம் நாங்க பாக்கறதுக்குத் தான், ஜட்ஜுக்கு இல்ல. நாங்களே மறைச்சுக்கிட்டா வலி குதிரைக்குத் தான்." குதிரையின் கழுத்தில் தண்ணீரை வாரி ஊற்றினாள். பிறகு என் பக்கம் பார்க்காமல், "முகத்தக் கழுவிக்கறேன், நீங்க கெளம்புங்க, ஒரு மணி வண்டிய உட்டுடப் போறீங்க" என்றாள்.

ஒரு மணி வண்டியைப் பிடித்தேன். புதுச்சேரிக்குப் பன்னிரண்டு ரூபாய். ஜன்னலோரம் கடல் வந்து வந்து போனது. பொம்மையார்பாளையத்தில் மீன்கூடையோடு ஏறிய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்டார். துணி என்று மட்டும் சொன்னேன். எங்கள் ஊரில் தறியைவிட்டு இறங்குகிற துணி வெள்ளையாகவே வெளியே போய்விடும். யாருக்கு, எதற்குக் கட்டுகிறார்கள், அதில் எது தெரிகிறது என்று நாங்கள் பார்த்தது கிடையாது. பெரிய முதலியார்சாவடி தாண்டிப் புதுச்சேரி வந்து சேரும்வரை நான் வேறு எதுவும் பேசவில்லை. எனக்கு அது வழக்கமில்லை.