லோகேஸ்வரி சாய்ந்த இடம்

ராசா என்ற ஊரில் குளிர்சாதன ஏர்கோன் மாட்டும் ரவிச்சந்திரன் ஒரு வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தால், சாமி கும்பிட வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். சப்பாத்தை வெளியே கழற்றி, காலைத் துடைத்து, பழைய கைலியை விரித்து, அதன்மேல்தான் சாமான் பெட்டியை வைப்பான்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய வீடு. வேலை முடித்து இவன் வாசலுக்கு நடக்க நடக்க, அந்த வீட்டம்மா பின்னாலேயே மோப்போடு வந்து, கால்பட்ட இடத்தையெல்லாம் துடைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பான். அன்றிலிருந்து, வந்துபோன சுவடே தெரியக்கூடாது என்று ஒரு வைராக்கியம். யாராவது ஒருவர் 'உட்காருப்பா' என்று சொல்லமாட்டார்களா என்ற ஏக்கம் மட்டும் எதைப் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

அன்று கோலா சாவாவில் வேலை. தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்ந்த ஹேமநாதன் வீடு.

"அவளுக்குப் புழுக்கம் ஆகாது தம்பி. வர்றதுக்குள்ள மாட்டிடணும்."

"ஆன்ட்டி எங்க, அங்கிள்?"

"வெளிநாட்டுல, பெர்த்துல இருக்குற மக வீட்டுல. பேத்தியப் பாக்கப் போனவ. அடுத்த மாசம் வர்றேங்குறா. ஒவ்வொரு மாசமும் அதான் சொல்றா லா."

அவர் டீ போடப் போனார். துளை போட்டதில், எவ்வளவு மறைத்தும் கொஞ்சம் தூள் பறந்துவிட்டது. சோபாவுக்கு மேலே, உட்கார்ந்தவர் தலை உயரத்தில், சுவரில் ஒரு வட்டமான பிசுக்கு. தூளெல்லாம் அதில் போய் அப்பிக்கொண்டு அசிங்கமாகத் தெரிந்தது. ரவிச்சந்திரனுக்குப் பொறுக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, அழுத்தித் தேய்த்தான். சுவர் பளிச்சென்று ஆனது.

டீயோடு வந்த ஹேமநாதன் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்கன ஒரு கறை இருந்துச்சே?"

"எண்ணெய்ப் பிசுக்கு அங்கிள். சுத்தமா எடுத்துட்டேன்."

"அது லோகேஸ்வரி தலை சாஞ்ச இடம்பா."

"அலமாக்! மன்னிச்சிருங்க அங்கிள்."

"நீ என்ன செய்வே? நானே எத்தனை தடவை திட்டியிருக்கேன், 'மாடு உரசுன மரமாட்டம் ஆக்கிட்டியேடி'ன்னு. இப்ப டிவி போட்டா கண்ணு அங்கதான் போவுது."

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. திரையில் லோகேஸ்வரி.

"எங்க, ஏர்கோனக் காட்டுங்க... அட, சுவரு கூட பளிச்சுன்னு இருக்கே! நான் இல்லாததுல வீடு சுத்தமாயிடுச்சு, என்ன?"

"நல்லாவே இல்ல. வந்து அழுக்காக்கு."

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. "சாப்பிட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு லோகேஸ்வரி வைத்துவிட்டார்.

ரவிச்சந்திரன் சாமான்களை எடுத்து வைத்தான். துடைத்த துணியை மடித்தபோது வெந்தயம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வாசம் லேசாக வந்தது.

"அந்தத் துணிய என்னப்பா செய்வே?"

"துவைச்சிடுவேன் அங்கிள்."

"துவைக்காத. இங்கயே வச்சிட்டுப் போ."

யார் வீட்டிலும் ஒரு திருகாணியைக்கூட விட்டு வராதவன், அந்த அழுக்குத் துணியை அவர் கையில் கொடுத்தான்.

"டீ ஆறுதே, உக்காருப்பா" என்றார் அவர், துணியைப் பார்த்துக்கொண்டே.

ரவிச்சந்திரன் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான். சுவரில் தலை பட்டுவிடாமல், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.